உரிமமும் மணமுறிவும்: சென்னையின் மேற்குப் புறநகரில் ஆயுதச் சட்டமும் குடும்பச் சட்டமும் கடந்து வந்த பாதை

மணவாழ்க்கை முறிந்த பின்னரோ முறியும் தறுவாயிலோ கணவன் துப்பாக்கியோடு சென்று மனைவியையும், அவளுக்கு அடைக்கலம் தந்த பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகள் ஆகியோரையும் ஒரே இடத்தில் ஒரே வேளையில் சுட்டுக் கொல்லும் குற்றத்தைக் குடும்பத் திரள்கொலை என்று வகைப்படுத்தலாம். இக்குற்றம் அமெரிக்காவில் பலமுறை நிகழ்ந்துள்ளது. 2008ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் நாள் கலிபோர்னியாவின் கோவினா நகரில், விவாகரத்துத் தீர்வாகி ஒரு வாரம்கூட நிறையாத நிலையில், முன்னாள் மனைவியின் பெற்றோர் வீட்டில் ஒன்பது பேர் கொல்லப்பட்ட நிகழ்வு இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய சென்னையின் மேற்குப் புறநகரிலும் மணமுறிவுகள் உண்டு, அவற்றையொட்டிய வன்முறையும் உண்டு. ஆயினும் அவ்வன்முறை துப்பாக்கியின் வடிவத்தை எடுப்பது அரிது. இந்த வேறுபாட்டுக்குக் காரணம் குடும்பங்களின் இயல்பிலோ பண்பாட்டின் மேன்மையிலோ இல்லை. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டாக இப்பகுதியில் ஆயுதத்தையும் திருமணத்தையும் ஆண்டுவந்த இரண்டு தனித்தனிச் சட்டங்களின் வரலாற்றில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பாளையத்து ஊரும் இரு சட்டங்களும்

பூந்தமல்லி பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் படையின் பாளையமாக இருந்த ஊர். சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கிய ஐரோப்பியப் படைவீரர்கள் தங்குவதற்கும் நோயுற்றவர்கள் தேறுவதற்கும் உரிய நிலையமாக அது பயன்பட்டது. அந்த ஊரையும் சென்னையையும் இணைத்த நெடுஞ்சாலைக்கு அதன் பெயரே அமைந்தது. இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை என்ற பெயரைப் பெற்றிருந்தாலும் மக்கள் வழக்கில் அது பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். அக்காலத்தில் இப்பகுதி முழுவதும் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அதிலிருந்து பிரிந்து திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான்.

நீதிமன்றத்தின் வழியாகத் திருமணத்தை முறித்துக்கொள்ளும் உரிமையை இப்பகுதியில் முதன்முதலில் வழங்கிய சட்டங்களுள் தலையாயது 1869ஆம் ஆண்டின் இந்திய விவாகரத்துச் சட்டம். கிறித்தவர்களுக்கு மட்டுமே பொருந்திய அச்சட்டம், மனைவியின் பிறர்மனை உறவு ஒன்றையே காட்டி மணமுறிவு பெறக் கணவனுக்கு இடமளித்தது. மனைவியோ கணவனின் பிறர்மனை உறவோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொரு குற்றத்தையும் சேர்த்து மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. இந்த ஏற்றத்தாழ்வு 2001ஆம் ஆண்டுத் திருத்தம் வரை நீடித்தது.

ஒன்பது ஆண்டுகள் கழித்து, லிட்டன் பிரபு வைசிராயாக இருந்த 1878இல், இந்திய ஆயுதச் சட்டம் வந்தது. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின் நினைவு ஆட்சியாளரை விட்டு அகலாத அக்காலத்தில், உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கிய இச்சட்டத்தின் நோக்கம் அரசைக் காப்பதே; பெண்ணையோ வீட்டையோ காப்பது அதன் எண்ணத்திலேயே இல்லை. அதன் விதிகள் ஐரோப்பியரையும் ஆங்கிலோ இந்தியரையும் உரிமம் பெறும் கடமையிலிருந்து விலக்கி வைத்திருந்தன. இன அடிப்படையிலான இவ்விலக்கு முதல் உலகப் போருக்குப் பின்னரே நீக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், 1880களின் பூந்தமல்லியில் நீதிமன்றத்தில் விவாகரத்துக் கேட்கும் உரிமையும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையும் ஒருங்கே அமைந்த வீடு பாளையத்து வெள்ளையரின் வீடாகவோ ஆங்கிலோ இந்தியரின் வீடாகவோதான் இருந்திருக்க முடியும் என்பது விளங்கும்.

ஆயுதச் சட்டத்தை இந்தியர்கள் இழிவாகவே கருதினர். பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் 1887இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு அச்சட்டத்தைத் தளர்த்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. எனினும் நாடு விடுதலை பெற்ற பிறகு அதே காங்கிரஸின் அரசு இயற்றிய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், 1962 அக்டோபர் முதல் நாள் நடைமுறைக்கு வந்தபோது, உரிம முறையை அப்படியே வைத்துக்கொண்டது. துப்பாக்கி வைத்திருத்தல் குடிமகனின் உரிமையாக ஆகவில்லை. அரசு ஆராய்ந்து அளிக்கும் அனுமதியாகவே தொடர்ந்தது. அயலாட்சியின் அச்சத்தில் பிறந்த ஒரு கட்டுப்பாடு, தான் எண்ணியே பாராத ஒரு பயனை, அதாவது குடும்பப் பூசலின் நடுவே துப்பாக்கி இல்லாத வீட்டை, பிற்காலத்துக்கு விட்டுச் சென்றது.

வழக்காறு, மாநாடு, சட்டம்

இந்துக்களிடையே மணமுறிவு என்பது 1955க்கு முன் இல்லவே இல்லை என்று கொள்வது பிழையாகும். மேல்சாதியினரின் சாத்திர மரபு திருமணத்தைப் பிரிக்க இயலாத பந்தமாகக் கொண்டிருந்தபோதும், உழைக்கும் சாதிகள் பலவற்றில் ஊர்ப் பஞ்சாயத்தின் முன் தாலியைத் திருப்பிக் கொடுத்துத் தீர்த்துவிடும் வழக்கமும், அதன்பின் பெண் மறுமணம் செய்துகொள்ளும் அறுத்துக்கட்டும் முறையும் இருந்தன. இந்து திருமணச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இவ்வழக்காற்று மணமுறிவைச் செல்லுபடியாகுமென ஏற்றுக்கொண்டிருப்பதே அதன் பரவலுக்குச் சான்றாகும்.

வழக்காற்றைப் பொதுச் சட்டமாக்கும் கோரிக்கை செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்தே உரக்க எழுந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெண்களுக்குச் சொத்துரிமையோடு மணவிலக்கு உரிமையும் வேண்டுமெனத் தீர்மானித்தது. இருபது ஆண்டுகளுக்குப் பின், மைய அரசின் சட்டத்தை எதிர்பாராமலே, சென்னை மாகாணம் 1949ஆம் ஆண்டில் இருதார மணத் தடை மற்றும் மணமுறிவுச் சட்டத்தை இயற்றியது. 1955 மே 18ஆம் நாள் இந்து திருமணச் சட்டம் நடைமுறைக்கு வந்து, சென்னைச் சட்டத்தை விலக்கிவிட்டு அதன் இடத்தைத் தான் ஏற்றது. சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967இல் தமிழ்நாடு திருத்தச் சட்டம் ஏற்பளித்தது. கணவன் மனைவி இருவரும் ஒருமனதாக விலகும் 13பி பிரிவு 1976இல் சேர்ந்தது.

இச்சட்டங்கள் ஏட்டிலிருந்து இறங்கி மேற்குப் புறநகரின் வீடுகளுக்கு வந்து சேர்ந்தது தொழிற்சாலைகளோடுதான். அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், 1960களின் தொடக்கத்தில் ஆவடியில் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையும் படையுடைத் தொழிற்சாலையும், 1964இல் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை ஆகியவை தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தின. ஊர்ப் பெரியவர்கள் எட்டாத தொலைவில், வாடகை வீட்டிலோ தொழிற்சாலைக் குடியிருப்பிலோ வாழ்ந்த இக்குடும்பங்களின் பூசலைத் தீர்க்கப் பஞ்சாயத்து இல்லாதபோது நீதிமன்றமே பஞ்சாயத்தின் இடத்துக்கு வர வேண்டியதாயிற்று. பூந்தமல்லி சார்பு நீதிமன்றத்தில் இந்து திருமண மனுக்கள், வழக்கறிஞர்கள் சுருக்கமாகச் சொல்லும் எச்.எம்.ஓ.பி.க்கள், குவியத் தொடங்கிய பின்புலம் இதுவாகும். 2003ஆம் ஆண்டுத் திருத்தம் மனைவி தான் வாழும் இடத்து நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம் என்று வகைசெய்ததால், பிறந்த வீட்டுக்குத் திரும்பிய பெண் கணவன் ஊருக்கு வாய்தாதோறும் அலைய வேண்டிய நிலை குறைந்தது. அதே வேளையில், பிறந்த வீடு எது என்பதும் அடுத்த வாய்தா என்று என்பதும் எதிர்த்தரப்புக்கு ஐயமின்றித் தெரிந்தவையாகவும் ஆயின.

படைக்கலங்களின் நடுவே ஆயுதமற்ற வீடுகள்

துப்பாக்கியைப் பொறுத்தவரை மேற்குப் புறநகர் ஒரு முரண் நிறைந்த நிலப்பரப்பு. இரண்டாம் உலகப் போரின்போது படைத்தளமாக விரிந்த ஆவடியில், விஜயந்தா பீரங்கி வண்டி 1965இல் உருவாகி வெளிவந்தது. பின்னர் அர்ஜுன் வண்டிகளும் அங்கேயே செய்யப்பட்டன. மத்திய சேமக் காவல் படையின் மையம், தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணிகள், விமானப் படை நிலையம் ஆகியவையும் அங்கே உள்ளன. இத்துணைப் படைக்கலம் திரண்ட ஊரில், அவற்றைக் கையாளும் காவலரும் படைவீரரும் பணி முடிந்ததும் துப்பாக்கியை ஆயுத வைப்பறைப் பதிவேட்டில் எண் சரிபார்த்து ஒப்படைத்துவிட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும் என்பது விதி. அரசின் ஆயுதத்துக்கும் வீட்டுக்கும் இடையே நிற்கும் சுவர் இப்பதிவேடுதான்.

தனியாரிடம் உள்ள துப்பாக்கிக்கு வேறொரு சுவர் உண்டு. மாவட்டங்களில் ஆட்சியரும், காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் காவல் ஆணையரும் உரிமம் வழங்கும் அதிகாரிகள். 2022 ஜனவரி முதல் நாள் ஆவடி காவல் ஆணையரகம் உருவானபோது இப்பொறுப்பு இப்பகுதிக்குள்ளேயே வந்து சேர்ந்தது. விண்ணப்பதாரரைப் பற்றிக் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தர வேண்டும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. நகைக்கடை, வங்கி ஆகியவற்றின் காவலர்கள், ஓய்வு பெற்ற படையினர், பரம்பரையாக உரிமம் வைத்திருப்போர் ஆகியோரிடமே பெரும்பாலும் உரிமத் துப்பாக்கிகள் இருந்துவந்தன. ஆவடிப் பகுதியிலும் வாழும் நரிக்குறவர் சமூகத்தினரிடம் வேட்டைக்குரிய நாட்டுத் துப்பாக்கி வழங்கியதுண்டு. குழலின் வாய்வழியே மருந்தும் ரவையும் இட்டுக் கெட்டித்து ஒவ்வொரு முறையாகச் சுட வேண்டிய அக்கருவியின் தேவையும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பெரிதும் அற்றுப்போயிற்று.

சிறு ஆயுதங்களை உலக அளவில் கணக்கிடும் ஜெனீவா ஆய்வு நிறுவனம் ஒன்றின் 2017ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, அமெரிக்காவில் நூறு பேருக்கு 120 துப்பாக்கிகள் தனியார் கையில் இருந்தன. இந்தியாவில், உரிமம் உள்ளவை இல்லாதவை இரண்டையும் சேர்த்தும், நூறு பேருக்கு ஐந்து என்ற அளவே இருந்தது. இரு நாடுகளிலும் குடும்பத்துக்குள் எழும் சினத்தின் அளவு ஒன்றே எனக் கொண்டாலும், அந்தச் சினம் கைநீட்டும் தொலைவில் எந்தக் கருவி இருக்கிறது என்பதே சாவின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. அரிவாளும் கத்தியும் ஒருவரை வீழ்த்தும் நேரத்தில் மற்றவர் ஓடவோ தடுக்கவோ அக்கம்பக்கத்தாரைக் கூவி அழைக்கவோ இடமுண்டு. துப்பாக்கி அந்த இடைவெளியை அழித்துவிடுகிறது.

தீயைப் பெயர் சொல்லிக் குறித்த சட்டம்

துப்பாக்கி இல்லாத வீட்டில் கொலைக் கருவியாக அமைந்தது அடுப்பங்கரை. மண்ணெண்ணெய் அடுப்பு வெடித்ததாகச் சொல்லப்பட்ட இளம்பெண்களின் சாவுகள் 1970களின் இறுதியிலிருந்து நாடெங்கும் ஐயத்தைக் கிளப்பின. மேற்குப் புறநகரில் தீக்காயமுற்றவர்கள் பூந்தமல்லி நெடுஞ்சாலை வழியாகவே கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தீக்காயப் பிரிவுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அங்கே நீதித்துறை நடுவர் வந்து பதியும் மரண வாக்குமூலம், அதாவது இறக்கும் நிலையில் உள்ளவர் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொல்லும் கூற்று, பின்னர் நடக்கும் வழக்கின் முதுகெலும்பாக அமைந்தது.

இச்சாவுகளுக்கு விடையாக வந்த சட்டங்கள் தம் காலத்துக் கருவியின் தடத்தைத் தாங்கியுள்ளன. 1983இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் கணவனும் அவன் உறவினரும் இழைக்கும் கொடுமையைக் குற்றமாக்கும் 498ஏ பிரிவு சேர்ந்தது. 1986இல் சேர்ந்த 304பி பிரிவு, திருமணமான ஏழாண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ உடற்காயத்தாலோ இயல்புக்கு மாறான சூழலிலோ இறந்து, அதற்குச் சற்று முன்னர் வரதட்சணை கேட்டு அவள் துன்புறுத்தப்பட்டிருந்தால், அதை வரதட்சணைச் சாவு என்று வரையறுத்தது. அமெரிக்கச் சட்டமன்றங்கள் துப்பாக்கியைக் குறித்து விவாதித்துக்கொண்டிருந்த அதே பத்தாண்டில் இந்திய நாடாளுமன்றம் தீக்காயத்தைச் சட்டத்தின் முதல் சொல்லாக வைத்தது தற்செயலானது அன்று. இத்தகைய சாவுகளில் கோட்டாட்சியர், மக்கள் வழக்கில் ஆர்.டி.ஓ., தனியே விசாரித்து அறிக்கை தரும் நடைமுறையும் உருவானது. இப்பிரிவுகள் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 85, 80 என்ற எண்களில் தொடர்கின்றன. 2022ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட வரதட்சணைச் சாவு வழக்குகள் பதிவாயின என்னும் தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கு, துப்பாக்கி இல்லாமையைக் குடும்ப அமைதி என்று எண்ணிவிடக் கூடாது என்பதை உணர்த்துகிறது.

1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கியது. அதே வகையிலான நிலையங்கள் பின்னர் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய இடங்களிலும் அமைந்தன. புகாரைப் பெற்றுச் சி.எஸ்.ஆர். எனப்படும் சமூகப் பணிப் பதிவேட்டில் எண் இட்டு, இரு தரப்பையும் அழைத்து அறிவுரை கூறி, இணங்காவிடில் வழக்குப் பதிவதே அவற்றின் நடைமுறையாயிற்று. ஊர்ப் பஞ்சாயத்தின் பணியைக் காவல் நிலையமே ஏற்றதன் விளைவாகப் பல பெண்கள் முதன்முறையாக அரசின் காதில் தம் குறையை எட்டவைத்தனர். மறுபுறம், சேர்ந்து வாழுங்கள் என்ற அறிவுரையோடு ஆபத்துள்ள வீட்டுக்கே திரும்பியவர்களும் இருந்தனர்.

கணவனின் சினமும் நீதிமன்றமும்

கொலைக்குப் பிந்திய சட்ட நடவடிக்கைகளில் நெடுங்காலம் மையமாக இருந்தது, கொடிய திடீர்ச் சினமூட்டல் என்னும் விதிவிலக்கு. ஒருவர் தன்னைக் கட்டுப்படுத்த இயலாத அளவுக்கு எதிராளியால் திடீரெனச் சினமூட்டப்பட்டுக் கொன்றிருந்தால், அது கொலையாகாமல் குறைந்த தண்டனைக்குரிய மரணம் விளைவித்த குற்றமாகும் என்பது 1860ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 300ஆம் பிரிவு தந்த முதல் விதிவிலக்கு. இதன் எல்லையை விரித்த முந்தைய தீர்ப்புகளுள் சென்னை உயர்நீதிமன்றத்தின் 1881ஆம் ஆண்டுப் போயா முனிகாடு வழக்கு குறிப்பிடத்தக்கது. மனைவியைப் பகைவனோடு கண்ட கணவன், இரவெல்லாம் உண்ணாதிருந்து, மறுநாள் கூலி வாங்கச் சென்ற இடத்தில் அவ்விருவரும் சேர்ந்து உண்பதைக் கண்டு அம்மனிதனை வெட்டரிவாளால் கொன்றான். முதல்நாள் கண்ட காட்சியின் தாக்கத்தையும் சேர்த்து எண்ணி, நீதிமன்றம் சினமூட்டல் வாதத்தை ஏற்றது.

துப்பாக்கியும் குடும்பப் பூசலும் ஒருங்கே நாட்டின் பேச்சானது 1959ஆம் ஆண்டு பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில்தான். கடற்படைத் தளபதி நானாவதி, மனைவிக்கு வேறொருவருடன் உறவு என்று அவள் வாயாலேயே அறிந்த பிறகு, தன் கப்பலுக்குச் சென்று, பொய்க் காரணம் சொல்லிக் கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் பெற்று, அந்த மனிதரின் வீட்டுக்குப் போய்ச் சுட்டார். நடுவர் குழு, அதாவது பொதுமக்களிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டுக் குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்லும் ஜூரி, எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவரைக் குற்றமற்றவர் என்றது. அமர்வு நீதிபதி அம்முடிவை ஏற்காமல் உயர்நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1961 நவம்பரில் உச்சநீதிமன்றம் அத்தண்டனையை உறுதிசெய்தபோது, முனிகாடு வழக்கு உள்ளிட்ட சென்னைத் தீர்ப்புகளை எடுத்து ஆராய்ந்து, பிற்பகல் ஒன்றரை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டவர் நான்கு மணி இருபது நிமிடத்துக்குச் சுட்டிருப்பதால், இடைப்பட்ட ஏறத்தாழ மூன்று மணி நேரம் தன்னிலை மீளப் போதுமானது என்று வரையறுத்தது. அரசின் ஆயுதம் பதிவேட்டுச் சுவரைத் தாண்டி ஒரு குடும்பப் பூசலுக்குள் புகுந்ததையே இவ்வழக்கு காட்டியது என்றாலும், அன்றைய விவாதம் முழுவதும் ஆணின் மானத்தைச் சுற்றியே நடந்தது. கப்பலின் ஆயுத வைப்பறை எப்படித் திறந்தது என்ற கேள்வி பின்தள்ளப்பட்டது. நானாவதி 1964இல் ஆளுநரின் மன்னிப்பால் விடுதலையானார். ஜூரி முறையோ 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது.

இலங்கையில் நானாவதி வழக்குக்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1951 அக்டோபரில், புகழ்பெற்ற தமிழ்க் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி, விவாகரத்து வழக்கு நிலுவையில் இருந்தபோது கொழும்பு வீட்டில் கொல்லப்பட்டார். கணவர் மீது நடந்த நீண்ட விசாரணை 1953இல் ஜூரியின் விடுதலைத் தீர்ப்போடு முடிந்தது. கொன்றது யார் என்ற வினாவுக்கு அப்பால், நீதிமன்றத்தை நாடிய பின் பெண்ணின் பாதுகாப்புக்குச் சட்டத்தில் எந்த இடைக்கால ஏற்பாடும் இல்லாதிருந்த ஒரு காலத்தின் ஆவணமாக இவ்வழக்கைப் படிக்கலாம்.

சென்னை உயர்நீதிமன்றம் பின்னர் இதே விதிவிலக்கைப் பெண்ணின் பக்கத்திலிருந்தும் நோக்கியது. கணவனின் கொடுமை தாளாமல் பிள்ளைகளோடு கிணற்றில் குதித்து, தான் மட்டும் பிழைத்துக் கொலைக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு தாயின் வழக்கில், 1989இல் அது பிள்ளைகளோடு கிணற்றில் விழுந்த நாட்டுப்புறக் கதைத் தாய் நல்லதங்காளின் நிலையை எடுத்துக்காட்டி, நாள்பட்டுச் சேர்ந்த சினமூட்டலையும் கணக்கில் கொள்ளலாம் என்றது. பிறர்மனை உறவைக் குற்றமாக்கிய 497ஆம் பிரிவை 2018 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் நீக்கியபோது, மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் எண்ணத்துக்குச் சட்டம் தந்த ஆதரவு மேலும் ஒரு படி தளர்ந்தது.

இணையாத இரு ஏடுகள்

இதுவரை கண்ட சட்டங்கள் பெரும்பாலும் சாவுக்குப் பின் வருபவை. சாவுக்கு முன் தலையிடும் சட்டமாக வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். இதன்படி அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உள்ள நீதித்துறை நடுவர், கணவன் மனைவியை நெருங்கவோ தொடர்புகொள்ளவோ கூடாது என்று பாதுகாப்பு ஆணையும், அவனை வீட்டை விட்டு வெளியேறச் சொல்லும் வசிப்பிட ஆணையும் பிறப்பிக்கலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. இச்சட்டத்தின் விதிகளுள் பத்தாவது, நடுவர் எழுத்துமூலம் பணித்தால், வன்முறையில் தொடர்புடைய ஆயுதத்தைக் காவல்துறையின் துணையோடு பறிமுதல் செய்யும் கடமையைப் பாதுகாப்பு அலுவலருக்கு, அதாவது பாதிக்கப்பட்ட பெண்ணுக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே பணியாற்றும் அரசு அலுவலருக்கு, வழங்குகிறது.

ஆனால் இவ்விதி ஆயுதச் சட்டத்தோடு பூட்டப்படவில்லை. ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவு யார் யாரெல்லாம் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று பட்டியலிடுகிறது: வன்முறைக் குற்றத்துக்காகச் சிறைத் தண்டனை பெற்றவர்கள் தண்டனை முடிந்து ஐந்தாண்டு வரையிலும், அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் எழுதித்தர ஆணையிடப்பட்டவர்கள் அப்பத்திரத்தின் காலம் வரையிலும் தடைக்கு உட்பட்டவர்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு ஆணை இப்பட்டியலில் இல்லை. பொது அமைதிக்கோ பாதுகாப்புக்கோ தேவையெனக் கருதினால் உரிமத்தை நிறுத்திவைக்கவும் நீக்கவும் 17ஆம் பிரிவு உரிமம் வழங்கும் அதிகாரிக்கு இடமளிக்கிறது; எனினும் அது அவருடைய விருப்புரிமை. நடுவர் நீதிமன்றத்தில் ஆணை பிறந்த செய்தி ஆணையர் அலுவலகத்தின் உரிமப் பிரிவைத் தானாகச் சென்றடைய வழி ஏதும் எழுதப்படவில்லை. பூந்தமல்லியிலேயே ராஜீவ் காந்தி கொலை வழக்கை விசாரித்து, 1998 ஜனவரியில் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்த தடா சிறப்பு நீதிமன்றம் இயங்கியது. அரசுக்கு எதிரான ஆயுதத்தை விசாரிக்கத் தனி நீதிமன்றம் கண்ட அதே ஊரில், வீட்டுக்கு எதிரான ஆயுதம் இரண்டு அலுவலகங்களின் தொடர்பில்லாத இரண்டு ஏடுகளில் பிரிந்து கிடக்கிறது.

இத்தகைய பிரிவின் விளைவைப் பிற நாடுகள் பெரும் விலை கொடுத்து அறிந்தன. அமெரிக்காவில் பாதுகாப்பு ஆணைக்கு உட்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டமும், குடும்ப வன்முறைச் சிறுகுற்றத்தில் தண்டனை பெற்றவர் வைத்திருப்பதை 1996ஆம் ஆண்டுத் திருத்தமும் தடுத்தன. முன்னதை அந்நாட்டு உச்சநீதிமன்றம் 2024 ஜூனில் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் உறுதிசெய்தது. ஆயினும் 2017 நவம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் தேவாலயத்தில், இரண்டாம் மனைவியின் குடும்பத்தோடு பகை கொண்டிருந்த முன்னாள் விமானப் படைவீரர் ஒருவர் சுட்டதில், பிறவாத சிசு உட்பட 26 உயிர்கள் மாண்டன. முதல் மனைவியையும் அவர் மகனையும் தாக்கியதற்காகப் படை நீதிமன்றம் அவரை 2012இலேயே தண்டித்திருந்தும், விமானப் படை அச்செய்தியைத் துப்பாக்கி விற்பனையின்போது பார்க்கப்படும் மையப் பதிவேட்டுக்கு அனுப்பவில்லை. இதற்காக 2021இல் நீதிமன்றம் அரசைப் பெரும்பங்குப் பொறுப்பாளியாக்கி, அடுத்த ஆண்டு 23 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு விதித்தது. 2023இல் வழக்கு 14 கோடியே 45 லட்சம் டாலருக்கு இணக்கமாயிற்று. ஆஸ்திரேலியாவின் சிட்னியில் 2018 ஜூலையில், குடும்ப நீதிமன்ற வழக்கில் ஈடுபட்டிருந்த தந்தை தன் இரு பிள்ளைகளையும் உரிமத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றதை ஆராய்ந்த மரண விசாரணை, உரிமப் பதிவகம் அவருடைய குடும்ப வன்முறைப் பின்புலத்தை முறையாக எடைபோடவில்லை என்று 2021இல் கண்டது. இரு நாடுகளிலும் சட்டம் இருந்தது. ஓர் அலுவலகம் அறிந்ததை மற்றொன்று அறியாததோ முறையாக எடைபோடாததோ சாவுக்கு வழிவிட்டது.

தமிழ்நாட்டில் இவ்விணைப்புக்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. தேர்தல் அறிவிப்பு வெளியானதும் மாவட்ட அளவிலான ஆய்வுக் குழு உரிமதாரர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்து, துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் செய்வதும், தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டி அவற்றைத் திரும்பப் பெறுவதும் திருவள்ளூர் மாவட்டத்திலும் பல்லாண்டாக நடந்துவரும் வழக்கமான அலுவல். வாக்குச்சாவடிக்காகச் சில வாரங்கள் துப்பாக்கியை வாங்கி வைக்கும் அதே நிர்வாகம், பாதுகாப்பு ஆணை நடப்பில் உள்ள காலத்திலோ விவாகரத்து மனுவில் வன்முறை குற்றஞ்சாட்டப்பட்டுள்ள காலத்திலோ, இரு தரப்பையும் கேட்டு முடிவு செய்யும் உரிமையோடு, அவ்வாறே செய்வதற்கு நடைமுறைத் தடை ஏதுமில்லை. குற்றம் மெய்ப்பிக்கப்படும் முன் உரிமத்தை நீக்குவது அநீதி என்ற எதிர்வாதம் வலுவானதுதான். ஆனால் இடைக்கால ஒப்படைப்பு நீக்கம் ஆகாது, தண்டனையும் ஆகாது, தேர்தல்கால ஒப்படைப்பை யாரும் தண்டனையாகக் கொள்வதுமில்லை.

1878ஆம் ஆண்டுச் சட்டம் அரசைக் காக்க எழுப்பிய சுவர் வீட்டையும் காத்தது என்றால், அது திட்டமிடாத நற்பேறு. அந்தச் சுவரின் வெளியே தீயும் அரிவாளும் தொடர்ந்து பெண்களைக் கொன்றுவந்ததையும், அவற்றுக்கு விடைகாணச் சட்டத்துக்கு மேலும் ஒரு நூற்றாண்டு பிடித்ததையும் மேற்குப் புறநகரின் வரலாறு காட்டுகிறது. ஆயுதச் சட்டத்தின் 9ஆம் பிரிவில் பாதுகாப்பு ஆணையையும் சேர்ப்பதும், ஆணையின் நகல் ஒன்றை உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்புமாறு குடும்ப வன்முறை விதிகளில் ஒரு வரி எழுதுவதும் சிறிய திருத்தங்களே. ஒரே சாலையின் இரு ஓரங்களில் தனித்தனியே வளர்ந்த இரண்டு சட்டங்களும் முதன்முறையாக ஒரே வீட்டைக் காக்கும் நோக்கத்தோடு சந்திப்பதற்கு அவ்விரண்டு திருத்தங்கள் போதும்.